கடலூரிலிருந்து அமெரிக்க இளநிலைப் படிப்புக்கு: பயிற்சி மையத்தில் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் மாநிலப் பாடத்திட்டத்தில், ஆங்கில வழியில், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பிளஸ் டூ முடித்ததும் அமெரிக்காவில் உயிரியல் படித்து, அங்கேயே மருத்துவராக வேண்டும் என்பது அவள் ஆசை. சென்னையில் ஒரு பயிற்சி மையம் இரண்டாண்டுப் பயிற்சிக்குச் சில லட்சங்கள் கேட்கிறது. அதில் சேர்க்கலாமா, மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண்ணை அமெரிக்கக் கல்லூரிகள் மதிக்குமா, மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

ஐயா, மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். புதுச்சேரியில் மேனிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து, வெளிநாட்டுக்கு விண்ணப்பித்த மாணவர்கள் சிலரோடு கூடவே உழன்றவன் நான். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தாலோ தேர்வாலோ பின்தங்கியதை நான் அதிகம் பார்த்ததில்லை. பணக் கணக்கைக் கடைசிவரை யாரும் எடுத்துப் பார்க்காததாலும், பள்ளி அனுப்ப வேண்டிய தாள்களைப் பள்ளியே அறியாமல் இருந்ததாலும் நின்றுபோன விண்ணப்பங்கள்தான் மிகுதி. இந்த இரண்டையும் எந்தப் பயிற்சி மையமும் உங்களுக்காகச் செய்து தராது.

அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்து ஓராண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. நம் பணத்தில் அறுபது, எழுபது லட்சத்துக்குக் குறையாது. படிப்போ நான்கு ஆண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மலிவாக இருக்கும் என்று நம் அனுபவத்தை வைத்து நினைக்கத் தோன்றும். அந்த மலிவு அந்தந்த மாநிலத்தில் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது; வெளியிலிருந்து வருபவர் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு செலுத்த வேண்டியிருக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள், குடும்பத்தின் வசதியைப் பார்த்துத் தரும் உதவியை வெளிநாட்டு மாணவருக்குத் தருவதில்லை. அமெரிக்க அரசின் மாணவர் உதவித்தொகை அந்நாட்டவருக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் உரியது. நம் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் முதுநிலைக்கும் முனைவர் படிப்புக்கும்தான் உண்டு, இளநிலைக்கு இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மனம் தளர வேண்டாம். கதவு திறந்திருப்பது நாம் எதிர்பார்க்காத இடத்தில். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத் ஆகியவையும், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சிறிய கல்லூரிகளும், வெளிநாட்டு மாணவரானாலும் அவருடைய குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்று பாராமல் இடம் தருகின்றன. இடம் தந்தபின் குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் தாமே ஏற்கின்றன. அந்தத் தொகையைப் பெரும்பாலும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆகவே மாதம் நாற்பதாயிரம் ரூபாய் வருமானமுள்ள கடலூர்க் குடும்பத்துக்கு மிகக் குறைந்த செலவில் முடியக்கூடியது, பட்டியலிலேயே மிக அதிகக் கட்டணம் போட்டிருக்கும் கல்லூரியாக இருக்கலாம். ஆனால் இந்தக் கல்லூரிகளில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை, ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்றவற்றில் நான்கைந்து பேருக்குத்தான் கிடைக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் நன்றாகப் படிப்பவர்கள்தான் அந்த நூறு பேரும். இவற்றை மட்டும் நம்பிப் பட்டியல் போடுவது விவேகமல்ல.

மற்றத் தனியார் கல்லூரிகளில் பல, வெளிநாட்டு மாணவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதையும் சேர்த்தே எடை போடுகின்றன. ஒரே தகுதியுள்ள இருவரில், ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலர் கட்டக்கூடியவருக்கு முழு உதவியும் வேண்டுபவரைவிட வாய்ப்பு அதிகம். இது அநீதி என்று வாதிடலாம். ஆனால் அவர்கள் அதை மறைப்பதில்லை, தம் இணையதளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு சிலர் முதலில் உதவி வேண்டாம் என்று குறித்துவிட்டு, இடம் கிடைத்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிடுகிறார்கள். செய்யாதீர்கள். சேர்க்கையின்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு அடுத்தடுத்த ஆண்டுகளிலும் உதவி இல்லை என்பதே பல கல்லூரிகளின் விதி.

கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. கல்விக் கட்டணமே வாங்காத கல்லூரி அது. மாணவர் அனைவரும் வளாகத்தில் ஏதேனும் ஒரு வேலை செய்தாக வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு முதலாண்டின் விடுதி, உணவுச் செலவையும் ஏற்கிறது. எடுத்துக்கொள்வது மிகச் சிலரைத்தான் என்றாலும், வசதி குறைந்த குடும்பத்தின் பட்டியலில் இந்தப் பெயர் இருந்தாக வேண்டும். சமுதாயக் கல்லூரி என்னும் ஈராண்டுக் கல்லூரியில் படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளும் வழி இன்னொன்று. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட தரத்தில் முடித்தால், டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உட்பட அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் ஒன்றில் உறுதியான இடம் பெறும் ஏற்பாடு உண்டு. மொத்தச் செலவு இதில் குறையும். ஆனால் முழுவதும் கைப்பணம்.

ஆகவே முதல் வேலை, நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு மாலை உட்கார்ந்து, வீட்டை விற்காமல், நகையை அடகு வைக்காமல், ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று ஒரு தொகையை எழுதிவைப்பது. மகளுக்கும் அந்தத் தொகை தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் கஷ்டம் தெரியக்கூடாது என்று மறைக்கும் வழக்கம் இந்த விஷயத்தில் அவளுக்கே கேடாக முடியும். இரண்டாவது, கணக்கு. உதவி கேட்கும் குடும்பங்கள் பெரும்பாலும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்னும் நீண்ட இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். வருமான வரிக் கணக்கு, வங்கி இருப்பு, கடையின் வரவு செலவு, வீடு, மனை, கடன் எல்லாம் அதில் வரும். சொந்தக் கடை வைத்திருப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல். வரிக் கணக்கில் ஒரு வருமானம், வங்கியில் வேறொரு நடமாட்டம், விசா நேர்காணலில் மூன்றாவதாக ஒரு தொகை என்று இருந்தால், ஏதாவது ஒரு கட்டத்தில் யாராவது கேட்பார்கள். மகள் பத்தாம் வகுப்பில் இருக்கும் இப்போதே ஆடிட்டரிடம் சொல்லி, அடுத்த இரண்டு ஆண்டுக் கணக்குகளை உள்ளது உள்ளபடி, ஒன்றோடொன்று பொருந்துமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தோடு சேர்த்தே இன்னொன்றையும் பேசிவிட வேண்டும். அமெரிக்காவில் பள்ளி முடித்தவுடன் சேரும் எம்.பி.பி.எஸ். கிடையாது. நான்கு ஆண்டு இளநிலை முடித்து, எம்-கேட் என்ற தேர்வு எழுதி, அதன்பின் நான்கு ஆண்டு மருத்துவப் பள்ளி. அதற்குப் பிறகுதான் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி. அங்குள்ள மருத்துவப் பள்ளிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதே இல்லை, சேர்க்கும் சிலவும் மிகக் குறைவாகவே சேர்க்கின்றன. எனவே மகளுக்கு வேண்டியது மருத்துவர் தொழில் என்றால், நீட் எழுதி இங்கே படிப்பதே நேர்வழி. அவளை ஈர்ப்பது உயிரியல் ஆய்வு என்றால் அமெரிக்க இளநிலைப் படிப்பு அருமையான இடம். முதலாண்டு மாணவரே பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை பார்க்க முடியும், முதன்மைப் பாடத்தைப் பல கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடிவில் தீர்மானித்தால் போதும். இந்த இரண்டில் எது என்பதை அவளே யோசித்துச் சொல்லட்டும்.

இனி மதிப்பெண். மாநிலப் பாடத்திட்டத்தை அமெரிக்கக் கல்லூரிகள் ஏற்கின்றன. அதில் ஐயமே வேண்டாம். அவர்கள் பார்க்கும் முறை மட்டும் வேறு. இங்கே பிளஸ் டூவில் 600க்கு எவ்வளவு என்பதோடு எல்லாம் முடிந்துவிடும். அங்கே ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளின் மதிப்பெண்ணையும் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பள்ளிப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். பிளஸ் ஒன் பொதுத் தேர்வும் 2025-26 முதல் இல்லாததால், பதினோராம் வகுப்பும் இனி அப்படியே. அந்த ஆண்டுகளின் மதிப்பெண்களைப் பள்ளியின் கடிதத் தாளில் தட்டச்சு செய்து, தலைமை ஆசிரியரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, ஆண்டு முடிந்தவுடன் வாங்கி வைத்துவிடுங்கள். பதிவு எழுத்தர் மாறுதலாகிப் போனபின் பழைய பதிவேட்டைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். விண்ணப்பம் போவது டிசம்பர் வாக்கில் என்பதால் பன்னிரண்டாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களே போகும். "பொதுத் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்" என்று காலாண்டைக் கைவிடும் நம் மாணவர் வழக்கம் இங்கே உதவாது.

மதிப்பெண்ணைவிடக் கடினமானது பரிந்துரைக் கடிதம். நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் என்னும் இணைய விண்ணப்பத்தின் வழியே பள்ளியின் சார்பில் ஒருவரும், பாட ஆசிரியர்கள் ஒருவரோ இருவரோ கடிதம் அனுப்ப வேண்டும். மாணவர் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து ஆசிரியர் கையொப்பமிடும் கடிதமல்ல இது. ஆசிரியருக்கு மின்னஞ்சலில் தனியே இணைப்பு வரும், அவரே எழுதி, அவரே பதிவேற்ற வேண்டும். தான் அதைப் பார்க்க மாட்டேன் என்று மாணவரும் வழக்கமாக ஒப்புக்கொள்கிறார். நம் ஆசிரியர்கள் எழுதும் நற்சான்றுகள் பெரும்பாலும் "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, கீழ்ப்படிதல் உள்ளவர்" என்ற மூன்று சொற்களைத் தாண்டுவதில்லை. கடிதத்தைப் படிக்கும் அமெரிக்க அலுவலருக்கு அவற்றால் ஒன்றும் தெரியவராது. தவளையின் இதயத்தைப் பற்றிய பாடத்தில் புத்தகத்தில் இல்லாத என்ன கேள்வியை உங்கள் மகள் கேட்டாள், அடுத்த நாள் என்ன தேடிக்கொண்டு வந்தாள் என்று உயிரியல் ஆசிரியை இரண்டு பத்தி எழுதினால், அதன் எடை வேறு. பதினோராம் வகுப்பு ஆசிரியர்களிடம் ஓராண்டுக்கு முன்பே பேசிவைப்பதும், முடிந்தால் மகள் தன் வகுப்பறை நினைவுகளை ஒரு தாளில் குறித்து அவர்களுக்குக் கொடுப்பதும் நல்லது. ஆசிரியர்கள் பள்ளியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பினால் நம்பகம் கூடும். பல பள்ளிகளில் அப்படி முகவரியே இல்லை. தாளாளரிடம் கேட்டால் ஒரு நாளில் ஏற்படுத்தக்கூடியதுதான்.

கூடவே பள்ளியைப் பற்றிய ஒரு பக்க அறிமுகத் தாளும் போக வேண்டும். மஞ்சக்குப்பத்துப் பள்ளியை அமெரிக்காவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மொத்தம் எத்தனை மாணவர், பிளஸ் டூவில் என்னென்ன பாடப் பிரிவுகள், போன ஆண்டு 550க்கு மேல் எத்தனை பேர் பெற்றார்கள், எத்தனை பேர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பன அந்தத் தாளில் இருந்தால், உங்கள் மகளின் 560 எப்படிப்பட்ட 560 என்று புரியும். சென்னையின் பன்னாட்டுப் பள்ளிகளில் இதற்கென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் தலைமை ஆசிரியரும், விவரம் தெரிந்த ஒரு பெற்றோரும் சேர்ந்து ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் அது பயன்படும். புதுச்சேரியில் இந்தத் தாள் இன்னும் முக்கியம். இந்த ஒன்றியப் பகுதிக்குத் தனித் தேர்வு வாரியம் கிடையாது; புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வாரியத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 முதல் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. பாதியில் வாரியம் மாறிய மாணவரின் மதிப்பெண் பட்டியலை விளக்கமில்லாமல் பார்க்கும் அயலாருக்கு ஒன்றும் விளங்காது. பட்டமோ சான்றிதழோ வழங்குவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் அரவிந்தர் ஆசிரமக் கல்வி மையம் போன்ற இடங்களில் படித்தவர்களுக்கோ, ஆசிரியரின் கடிதமும் பள்ளி அறிமுகமும்தான் விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

பெயரையும் இப்போதே சரிசெய்யுங்கள். நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் பெயரும் தலைப்பெழுத்தும்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டால், அமெரிக்க விசாவில் அவளுடைய பெயர் குடும்பப் பெயராகி, இயற்பெயர் இடத்தில் "தெரியாது" என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துகள் ஏறிவிடும். அதன்பின் வங்கி, ஓட்டுநர் உரிமம், கல்லூரி அடையாள அட்டை எல்லாவற்றிலும் அது தொடரும். தலைப்பெழுத்தை விரித்து, உங்கள் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட் எடுங்கள். தேர்வுப் பதிவு முதல் விண்ணப்பம்வரை அதே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காகப் பயிற்சி மையம் கற்றுத்தருவதாகச் சொல்லும் எஸ்.ஏ.டி. தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1600க்கு நடக்கும் இத்தேர்வு இப்போது கணினியில், இரண்டு மணி பதினான்கு நிமிடத்தில் முடிகிறது. ஆங்கிலப் பகுதியில் சிறுசிறு பத்திகள், பத்திக்கு ஒரு கேள்வி. கணக்கில் இயற்கணிதம், வடிவியல், விகிதம், கொஞ்சம் முக்கோணவியல், நுண்கணிதம் கிடையாது. கணிப்பானைப் பயன்படுத்தலாம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. முதல் பாதியை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பாதியின் கடினம் மாறும் என்பதால் தொடக்கக் கேள்விகளில் அவசரப்படக் கூடாது. பதினோராம் வகுப்பு முடிக்கும் மாணவிக்குக் கணக்கு ஒரு பொருட்டல்ல. ஆங்கில வாசிப்புக்குத்தான் உழைப்பு வேண்டும், அந்த உழைப்பு வகுப்பில் நடப்பதுமல்ல. நாள்தோறும் ஆங்கில நாளிதழின் அறிவியல் பக்கத்தையும் தலையங்கத்தையும் படித்து, எழுதியவர் எதை நிறுவப் பார்க்கிறார் என்று ஒரு வரியில் எழுதிப் பழகினால் ஓராண்டில் பலன் தெரியும். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகளும், கான் அகாடமி இணையதளத்தில் பயிற்சிகளும் இலவசம். எம்.ஐ.டி. 2022இலும், ஹார்வர்டு, டார்ட்மத், பிரவுன் ஆகியவை 2024இலும் இத்தேர்வை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை அனுப்பினாலும் பார்க்காது. பல கல்லூரிகள் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. ஆங்கிலத் திறனுக்கு டோஃபெல், ஐ.இ.எல்.டி.எஸ்., டுவோலிங்கோ ஆகிய மூன்று தேர்வுகளில் ஒன்று போதும். ஆங்கில வழியில் படித்தவருக்குச் சில கல்லூரிகள் அதையும் தள்ளுபடி செய்கின்றன.

வகுப்பறைக்கு வெளியே செய்தவற்றைக் குறிக்கக் காமன் ஆப்பில் பத்து இடங்கள் உண்டு. இதைக் கேள்விப்பட்டதும் நம் பெற்றோர் சான்றிதழ் சேர்க்கக் கிளம்பிவிடுகிறார்கள்: அபாகஸ், இந்திப் பிரசார சபைத் தேர்வு, கராத்தே பெல்ட், ஒரு நாள் மரம் நடுவிழா. எதையும் தொடர்ந்து செய்யாதபோது அந்தக் கோப்புக்கு மதிப்பில்லை. அங்கே கேட்கப்படுவது வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்பதுதான். சம்பளத்துக்குச் செய்த வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் அந்தப் படிவத்தில் தனித் தலைப்புகளே இருக்கின்றன என்பதை இங்கே பலர் அறியார். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியை மாலைதோறும் பார்த்துக்கொள்வதும், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் தந்தையின் படகுக் கணக்கை எழுதுவதும் அங்கே செல்லுபடியாகும்.

உங்கள் மகளுக்கு வேறெங்கும் தேட வேண்டியதே இல்லை. மருந்துக் கடையில் மாலையில் உட்காருகிறாளா? ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாளைக்கு மட்டும் வெட்டி வாங்கிப் போகிறவர்கள் மாதக் கடைசியில் கூடுகிறார்களா, மீன்பிடித் தடைக் காலத்தில் கூடுகிறார்களா? யாருடைய பெயரையும் குறிக்காமல் ஓராண்டு குறித்து வரட்டும். கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்புப் பெறுவதைப் பற்றி உயிரியல் பாடத்தில் அவள் படிப்பதும், உங்கள் கல்லாவுக்கு முன்னால் நடப்பதும் ஒன்றாகச் சேரும் இடம் அது. அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மருத்துவர் ஒருவரிடம் கேள்வி கேட்கப் போனாள் என்றால், பத்துச் சான்றிதழுக்கு அது மேல்.

முக்கியக் கட்டுரையின் அளவு அதிகபட்சம் 650 சொற்கள். பொதுத் தேர்வுக்குக் கட்டுரை எழுதிப் பழகிய நம் மாணவர் மேற்கோளில் தொடங்கி, மூன்று உட்தலைப்பு வைத்து, நாட்டுக்குத் தொண்டு செய்வேன் என்று முடிப்பார். அப்துல் கலாமின் கனவு வாசகம் இல்லாத கட்டுரையை நான் பார்த்தது அரிது. அவற்றில் எழுதியவரைத் தவிர எல்லோரும் இருப்பார்கள். என் அனுபவத்தில் பலன் தந்த வழி ஒன்றுதான்: சொல்ல வந்ததை முதலில் வீட்டில் யாரிடமாவது தமிழில், பேச்சு வழக்கிலேயே சொல்லிப் பார்க்க வேண்டும். கேட்பவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று எந்த இடத்தில் கேட்கிறாரோ அந்த இடத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கலாம். ஆங்கிலம் எளிமையாக இருப்பதில் குற்றமில்லை. பதினேழு வயதுப் பெண்ணின் கட்டுரை ஐம்பது வயது வழக்குரைஞர் எழுதியது போல இருப்பதில்தான் குற்றம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கித் தன் எழுத்தாக அனுப்புவதைக் காமன் ஆப் மோசடி என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

கல்லூரிகள் தனித்தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைகளில், "ஏன் எங்கள் கல்லூரி?" என்பது தவறாமல் வரும். கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சபலம் உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை உள்ள ஊர்களும் அந்த விற்பனையில் சேர்ந்தன. அதே யேல் 1718இல் அனுப்பிய துணிமூட்டைகளுக்கும் நூல்களுக்கும் நன்றியாகத்தான் அமெரிக்கக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. அழகான செய்திதான், ஆனால் யேலுக்கு எழுதும் கட்டுரையில் இதை வைத்து அவர்களுக்கே அவர்கள் வரலாற்றைச் சொல்ல வேண்டாம். அந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை, எந்த ஆய்வகத்தை, என்ன காரணத்துக்காக விரும்புகிறாள் என்பதே அங்கே கேட்கப்படும் விடை. அதற்கு அவள் அவர்களின் பாடப் பட்டியலை உண்மையாகவே படித்திருக்க வேண்டும்.

காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டி முடிவு தெரிவிக்கும் சுற்றுக்கு நவம்பர் 1 வாக்கிலும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வழக்கமாக நவம்பர் 30 அன்றும், மற்றவற்றுக்கு ஜனவரித் தொடக்கத்திலும் கெடு. இந்த மூன்றும் நம் வடகிழக்குப் பருவமழைக்குள்ளேயே விழுகின்றன. தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 அன்று. அந்த நாள்களில் மின்சாரமும் இணையமும் என்ன ஆயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கெடுவையும் பத்து நாள் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கடிதங்களைத் தீபாவளிக்கு முன் முடித்துவிடுங்கள். மீறிப் புயலில் மாட்டிக்கொண்டால், சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் அவகாசம் தருவார்கள். முன்கூட்டிச் சுற்றில் ஒருவகை, இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்று கட்டுப்படுத்தும். உதவித் தொகை போதவில்லை என்றால் விலகலாம் என்றாலும், வேறு கல்லூரிகளின் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். உதவி தேவைப்படும் குடும்பம் அந்த வகைக்கு ஒரே ஒரு கல்லூரியை, நன்றாக யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தப் பட்டியல் எட்டிலிருந்து பத்துக் கல்லூரிகளுக்குள் இருந்தால் கட்டுரைகளை ஒழுங்காக எழுத நேரம் கிடைக்கும்.

சென்னை மையத்தில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு இப்போது என் விடை: இந்தக் கட்டணத்துக்கு வேண்டாம். தேர்வில் ஏதேனும் ஒரு பகுதி பிடிபடவில்லை என்றால் கோடை விடுமுறையில் அதற்கு மட்டும் உள்ளூரில் ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொள்ளுங்கள். விவரங்களுக்கு, அமெரிக்க அரசின் ஆதரவில் நடக்கும் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனை மையம் சென்னையில் உண்டு. எந்தக் கல்லூரிக்கும் ஆள் பிடிப்பது அவர்கள் வேலையல்ல. "கட்டணமே இல்லை, இடம் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் கன்சல்டன்சிகளுக்குப் பெரும்பாலும் கல்லூரியே தரகு கொடுக்கிறது. அதில் சட்ட மீறல் ஏதுமில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் பட்டியல் அவர்களுக்குத் தரகு தரும் கல்லூரிகளின் பட்டியலாகவே இருக்கும். உங்களுக்குப் பணம் தருவது யார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சான்றிதழையோ பரிந்துரையையோ "தயார் செய்து" தருவதாகச் சொன்னால் அந்தப் படியை மீண்டும் மிதிக்காதீர்கள்.

இடம் கிடைத்து, மே 1க்குள் ஒப்புதல் சொன்னபின், முதலாண்டுச் செலவுக்கு வழி இருக்கிறது என்று காட்டினால் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைக் கல்லூரி அனுப்பும். அதன்பின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்னும் இணைய விசா விண்ணப்பப் படிவம், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், பிறகு அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏன் இந்தக் கல்லூரி, யார் பணம் தருகிறார்கள், படித்தபின் என்ன என்பவற்றுக்கு மகள் தன் சொந்த வாயால், மனப்பாடம் செய்யாமல் விடை சொல்ல வேண்டும். குடியேறும் நோக்கம் இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது என்பதே அவர்கள் சட்டம். இடமும் உதவித்தொகையும் கிடைத்தவர்களுக்கும் விசா மறுக்கப்படுவதுண்டு. 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் மாதத்தில் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

விசா முடிவு தெரிய ஜூன், ஜூலை ஆகிவிடலாம் என்பதால், பிளஸ் டூ ஆண்டில் இங்குள்ள வழிகளையும் விட்டுவிடக் கூடாது. நீட் எழுதும் எண்ணம் இருந்தால் அதன் பதிவு அமெரிக்க விண்ணப்பங்கள் முடிந்த கையோடு வந்துவிடும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான பதிவு பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி வரும். புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு சென்டாக் என்னும் அரசு சேர்க்கைக் குழு வழி. கடலூரில் இருக்கும் உங்களுக்குப் பெரியார் அரசு கலைக் கல்லூரி உள்ளூரிலேயே இருக்கிறது; சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், அதன் கடல் உயிரியல் ஆய்வு மையம் பரங்கிப்பேட்டையிலும் இருக்கின்றன. இளநிலையை இங்கே முடித்துவிட்டு முனைவர் படிப்புக்கு அமெரிக்கா போவதும் ஒரு வழிதான். அறிவியல் துறைகளில் அந்தக் கட்டத்தில் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, உதவித்தொகையும் தருவது அங்கே வழக்கம். மாற்றுச் சான்றிதழையும் மூல மதிப்பெண் பட்டியலையும் எந்த ஏஜென்டின் கையிலும் கொடுத்துவிடாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகளில் எதற்குத் திரும்பினாலும் முதல் நாளே அவற்றைத்தான் கேட்பார்கள்.